தூக்கத்தில் மறையும் சிசுக்கள்: எல்லைக்கு எட்ட வேண்டிய எச்சரிக்கை

சிசு மரணத்தைக் குறைப்பதில் இந்திய மாநிலங்களுக்குக் கேரளம் வழிகாட்டியாக விளங்குகிறது. 2023-ஆம் ஆண்டுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, இம்மாநிலத்தில் உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயது நிறையுமுன் இறப்பவை 5. அகில இந்திய விகிதம் 25. அமெரிக்காவின் விகிதம் கூட 5.6 தான் என்று சுட்டிக் காட்டிக் கேரள அரசு பெருமைப்பட்டுக் கொண்டது. அந்தப் பெருமைக்கு அரசு உரிமையுடையது என்பதில் ஐயமில்லை.

ஆனால் சராசரிக் கணக்கு மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றாக்கிச் சமவெளியாகக் காட்டிவிடும். இதே மாநிலத்தில், பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில், 2013-ஆம் ஆண்டில் மட்டும் அரசுக் கணக்கிலேயே முப்பதுக்கு மேற்பட்ட பழங்குடிக் குழந்தைகள் மடிந்தன. அதன்பின் பல திட்டங்கள் வந்தன, எண்ணிக்கை குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. 2021 நவம்பரில் நான்கே நாட்களில் நான்கு சிசுக்கள் இறந்ததாகச் செய்தி வந்து அமைச்சர்கள் மலையேற நேர்ந்தது.

இந்தச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் வாசகம் ஒன்று உண்டு. "தாய்ப்பால் தொண்டையில் சிக்கி மூச்சுத் திணறிக் குழந்தை இறந்தது" என்பதே அது. எல்லைக்கு இப்பால் அகளியிலும், அப்பால் ஆனைகட்டியிலும், தெற்கே தேவிகுளம், பீருமேடு தோட்டங்களிலும் இதே வாசகத்தைக் கேட்கலாம். இரவு நன்றாகப் பால் குடித்த குழந்தை, விடியற்காலையில் அசைவற்றுக் கிடக்கிறது. புரையேறிவிட்டது என்று ஊர் சொல்கிறது. தாய் கவனிக்கவில்லை என்று மாமியார் வீடு சொல்கிறது. அதற்குமேல் எவரும் ஆராய்வதில்லை.

உறக்கத்தில் நேரும் சிசு மரணத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கும் வழி உலகுக்குத் தெரிந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதற்கு விலையுயர்ந்த மருந்து வேண்டாம், இயந்திரம் வேண்டாம். அந்த யோசனை எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களுக்கும் பழங்குடிக் குடும்பங்களுக்கும் அவர்கள் மொழியில், அவர்கள் வீட்டுக்குப் பொருந்தும் முறையில், தக்க வாரத்தில் போய்ச் சேருகிறதா என்பதே கேள்வி.

காரணம் தெரியாத மரணம்

நோய் நொடியின்றி இருந்த ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை உறக்கத்தில் திடீரென இறந்து, பிரேதப் பரிசோதனைக்குப் பிறகும் காரணம் புலப்படாவிட்டால் அதைத் 'திடீர் சிசு மரணம்' என்று மருத்துவ உலகம் குறிப்பிடுகிறது. 1969-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கூடிய நிபுணர்கள் வகுத்த இலக்கணமே இதற்கு அடிப்படை. குடும்பத்தாரை விசாரித்து, குழந்தை கிடந்த இடத்தையும் பார்த்த பிறகே இம்முடிவுக்கு வரலாம் என்ற நிபந்தனை பின்னர் சேர்க்கப்பட்டது.

நம் நாட்டில் சிசுவுக்குப் பிரேதப் பரிசோதனை நடப்பது அபூர்வம். எனவே இந்த வகை மரணம் எத்தனை என்று எந்த அரசுப் பதிவேட்டையும் புரட்டித் தெரிந்துகொள்ள இயலாது. 'புரையேறல்', 'மூச்சுத் திணறல்', 'காய்ச்சல்' என்ற தலைப்புகளுக்குள் அவை கலந்து கிடக்கின்றன. பதிவில் இல்லை என்பதால் நிகழ்வே இல்லை என்று கொள்வது தவறு.

இந்த மரணம் ஏன் நேருகிறது என்பதற்கு ஃபிலியானோ, கின்னி என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1994-ல் கூறிய விளக்கம் இன்றளவும் ஏற்கப்படுகிறது. மூன்று காரணங்கள் ஒன்றுகூடும்போது உயிர் போகிறது என்றார்கள் அவர்கள். முதலாவது, இயல்பிலேயே பலவீனமான குழந்தை: குறைமாதத்தில் பிறந்தது, எடை குறைவாகப் பிறந்தது, கருவிலேயே புகையிலை நஞ்சுக்கு ஆளானது. இரண்டாவது, ஆபத்தான வயது. இம்மரணங்களில் சுமார் 90 சதவிகிதம் ஆறு மாதத்துக்குள் நேருகின்றன. இரண்டாம் மாதத்துக்கும் நான்காம் மாதத்துக்கும் இடையில்தான் உச்சம். மூன்றாவது, வெளியிலிருந்து வரும் நெருக்கடி: குப்புறக் கிடத்தல், முகத்தில் துணி, மெத்தென்ற படுக்கை, அளவுக்கு மீறிய வெப்பம், புகை. மூச்சுத் தடைப்படும்போது விழித்துத் தலையைத் திருப்பிக்கொள்ளும் ஆற்றல் அந்தக் குழந்தைக்குப் போதாமல் போகிறது.

முதல் காரணத்தை ஒழிக்க ஆண்டுகள் பிடிக்கும். இரண்டாவதை மாற்ற முடியாது. மூன்றாவதை இன்றிரவே நீக்கலாம். அரசுகளின் பிரசாரம் அனைத்தும் இந்த மூன்றாவதைக் குறிவைத்து எழுந்தவையே.

தாமதத்தின் விலை

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் மேலை நாட்டு மருத்துவர்கள் குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னார்கள். வாந்தி எடுத்தால் புரையேறாது என்பதே அவர்கள் கூறிய காரணம். லட்சக்கணக்கான தாய்மார்கள் அதை நம்பினார்கள். குப்புறப் படுக்கும் பழக்கம் பரவப் பரவத் தொட்டில் மரணங்களும் பெருகின.

நெதர்லாந்தில் 1987-ல் இதற்கு எதிரான எச்சரிக்கை விடுக்கப்பட்டது. நியூஜிலாந்து அரசின் ஆராய்ச்சி நிதியில் எட் மிட்செல் குழுவினர் 1987 முதல் 1990 வரை நாடு தழுவிய ஆய்வு நடத்தினார்கள். இங்கிலாந்தில் பீட்டர் ஃபிளெமிங் குழுவினரின் ஆய்வு 1990-ல் வெளியாயிற்று. எல்லாம் ஒரே முடிவைச் சொல்லின: குழந்தையை மல்லாந்து படுக்க வையுங்கள். 1991-ல் தன் மகனைப் பறிகொடுத்த தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஆன் டயமண்ட் முன்னின்று வற்புறுத்த, அவ்வாண்டு இறுதியில் பிரிட்டிஷ் அரசு பிரசாரத்தைத் தொடங்கியது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இம்மரணங்கள் சுமார் பாதியாகச் சரிந்தன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992-ல் இதே யோசனையை வெளியிட்டது. 1994-ல் அரசுப் பிரசாரம் தொடங்கியது. அங்கும் சில ஆண்டுகளில் பாதிக்கு மேல் குறைந்தது.

இந்த வெற்றிக் கதைக்குள் ஒரு சோகமும் இருக்கிறது. இங்கிலாந்தில் ரூத் கில்பர்ட் குழுவினர் பழைய ஆய்வுகளையெல்லாம் ஒன்று திரட்டி 2005-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். குப்புறப் படுக்க வைப்பது ஆபத்து என்பதற்கான ஆதாரம் 1970-லேயே கிடைத்துவிட்டது. அப்போதே அதைத் தொகுத்துப் பார்த்து எச்சரித்திருந்தால் பிரிட்டனில் மட்டும் 10,000 சிசுக்களையும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளில் குறைந்தது 50,000 சிசுக்களையும் காப்பாற்றியிருக்கலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு. அறிவு ஏடுகளில் உறங்கியது; குழந்தைகள் தொட்டிலில் மாண்டன.

பிரசாரம் ஒருமுறை நடந்தால் போதும் என்று எண்ணுவதும் பிழை. ஒவ்வோர் ஆண்டும் புதிய தாய்மார்கள் வருகிறார்கள். அமெரிக்காவில் இன்றும் ஆண்டுக்குச் சுமார் 3,500 சிசுக்கள் உறக்கம் தொடர்பாகத் திடீரென இறக்கின்றன. அப்படியிருந்தும் 2025-ல் ஆட்குறைப்பு நடவடிக்கையில், அந்நாட்டு தேசிய சுகாதார நிறுவனம் இப்பிரசாரத்தில் தனக்கிருந்த பங்கைக் கைவிட்டது.

மவோரி மக்கள் தந்த பாடம்

நியூஜிலாந்தின் அனுபவத்தில் எல்லைப்புற மக்களுக்கு நேரடியான படிப்பினை உண்டு. 1991-ல் தொடங்கிய பிரசாரத்தால் வெள்ளையர் குடும்பங்களில் மரணம் வேகமாகக் குறைந்தது. பூர்வகுடிகளான மவோரி மக்களிடையே அந்த அளவுக்குக் குறையவில்லை. அவர்களிடம் புகைப் பழக்கம் அதிகம். குழந்தையைப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு உறங்குவது குலவழக்கம். "குழந்தையைத் தனிக் கட்டிலில் போடுங்கள்" என்ற யோசனை அவர்கள் காதில் ஏறவில்லை. தாயையும் சேயையும் பிரிக்கும் அந்நியர் சொல்லாகவே அது ஒலித்தது.

பின்னர் மவோரி மருத்துவர்களும் நெசவாளர்களும் வேறு வழி கண்டார்கள். தங்கள் ஊர் நாரில் பின்னிய தட்டையான கூடை ஒன்றை உருவாக்கினார்கள். 'வஹகுரா' என்பது அதன் பெயர். குழந்தை தாயின் படுக்கை மீதே, அவள் கையெட்டும் தூரத்தில், ஆனால் தனக்கென்று ஓர் இடத்தில் மல்லாந்து உறங்கும். இதே மாதிரியில் பிளாஸ்டிக் பெட்டிகளும் செய்து, 2011 கிறைஸ்ட்சர்ச் பூகம்பத்துக்குப் பின் வழங்கினார்கள். யோசனையும் கூடையும் ஒன்றாகப் போயின. 2009-க்கும் 2015-க்கும் இடையே அந்நாட்டில் பிறந்த முதல் வாரம் கடந்த சிசுக்களின் மரணம் 29 சதவிகிதம் குறைந்தது. அதிகப் பயன் பெற்றவர்கள் மவோரி மக்கள்.

பெரும்பான்மை மக்களின் மொழியிலும், அவர்கள் வீட்டு அமைப்பை எண்ணியும் வகுக்கப்படும் யோசனை விளிம்பில் உள்ளவர்களைத் தாண்டிப் போய்விடும். அவர்களுடைய பாயையும் தொட்டிலையும் கண்ணால் பார்த்து வகுத்தால் அவர்களிடமும் வேலை செய்யும். நியூஜிலாந்து தந்த பாடம் இதுவே.

அட்டப்பாடியில் அடிப்படை வேறு

இனி அட்டப்பாடிக்கு வருவோம். அகளி, புதூர், ஷோலயூர் என்ற மூன்று பஞ்சாயத்துகளில் இருளர், முடுகர், குறும்பர் வாழும் ஊர்கள் சுமார் 190 உண்டு. அவர்கள் பேச்சு தமிழுக்கு அண்மையானது. 2013-ல் மரணங்கள் பெருகியபோது ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் நிபுணர்கள் வந்து ஆராய்ந்தார்கள். மத்திய அமைச்சராயிருந்த ஜெய்ராம் ரமேஷ் நேரில் வந்து உதவித் திட்டங்களை அறிவித்தார். ஊர்தோறும் சமுதாய உணவுக் கூடங்கள் தொடங்கின. 2014 முதல் குடும்பஸ்ரீ இயக்கத்தின் தனித்திட்டம் நடைபெற்றது. 2017-ல் சாமை, ராகி, தினையை மீண்டும் பயிரிடும் சிறுதானியத் திட்டம் வந்தது. கர்ப்பிணிகளுக்கு 'ஜனனி ஜன்மரக்ஷா' திட்டத்தில் மாதம் ரூ.2,000 உதவி உண்டு.

நிபுணர்கள் கண்ட அடிப்படை உண்மை தெளிவானது. நிலம் கைவிட்டுப் போயிற்று, நிலத்தோடு சிறுதானியமும் கீரையும் போயின, தாய்க்கு ரத்தசோகை, போதாததற்கு அரிவாள் செல் ரத்தநோய். அத்தகைய தாய்க்குக் குறைமாதத்திலும் குறைந்த எடையிலும் குழந்தை பிறக்கிறது. முதல் மாதத்திலேயே அவற்றில் பல இறந்துவிடுகின்றன. இவற்றைத் திடீர் சிசு மரணம் என்ற தலைப்பில் அடக்கிவிட முடியாது. அப்படி அடக்கினால் அரசின் பொறுப்பைத் தாயின் தலையில் ஏற்றியதாகும்.

ஆனால் இந்தக் குழந்தைகளில் பிழைத்து வீடு திரும்புபவை இருக்கின்றனவே, அவைதான் ஃபிலியானோவும் கின்னியும் சொன்ன முதல் வகைக் குழந்தைகள். கோட்டத்துறைப் பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனையிலோ, கோவையிலோ, திருச்சூர் மருத்துவக் கல்லூரியிலோ இரவும் பகலும் காத்து மீட்ட குழந்தை, வீட்டில் குப்புறக் கிடந்தோ துணிச் சுருளுக்குள் முகம் புதைந்தோ போய்விட்டால் அத்தனை உழைப்பும் வீண். எடை குறைந்த குழந்தைக்கே உறக்க எச்சரிக்கை மிக அவசியம். உணவா, உறங்கும் முறையா என்று வாதிட இங்கே இடமில்லை, இரண்டும் வேண்டும்.

தோட்டத்து லயங்களில்

இடுக்கி மாவட்டத்தில் நிலைமை வேறு விதம். மூணாறு, தேவிகுளம், பீருமேடு தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. ஓர் அறையும் ஓர் அடுக்களையும்; அதற்குள் பாட்டி, தாய், தந்தை, பிள்ளைகள். தனிக் கட்டில், தனி அறை என்ற பேச்சு அங்கே நகைப்புக்கிடமாகும். குளிருக்கு அஞ்சிக் கம்பளிக்குள் குழந்தையைப் பொதிவதும், மூடிய அறைக்குள் கரி நெருப்பு வைப்பதும் வழக்கம். கரி நெருப்பிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாசனையற்ற விஷம். பெரியவர்களையே கொல்லக் கூடியது.

ஏலத் தோட்டங்களின் பிரச்னை இன்னொன்று. தேனி மாவட்டத்தின் போடி, கம்பம் பகுதிகளிலிருந்து பெண்கள் விடியற்காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக மலைக்கு வந்து, மாலையில் இறங்குகிறார்கள். கைக்குழந்தை பாட்டியிடமோ பக்கத்து வீட்டிலோ இருக்கிறது. தமிழக கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வருவது பகலில்; தாய் அப்போது கேரளத்தில். வேலை நடக்கும் ஊரிலோ, அவள் பெயர் எந்தச் சுகாதார நிலையத்தின் பதிவேட்டிலும் இராது. இரு மாநிலங்களுக்கும் சொந்தமான தாய் இருவர் கணக்கிலும் விடுபட்டுப் போக வழியிருக்கிறது.

குழந்தை பிறர் பொறுப்பில் இருப்பதில் தனி ஆபத்து உண்டு. மல்லாந்து உறங்கிப் பழகிய குழந்தையை வேறொருவர் புதிதாகக் குப்புறப் போடும்போது அபாயம் பல மடங்கு ஏறுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே யோசனை தாய்க்கு மட்டும் சொன்னால் போதாது. பாட்டிக்கும், தோட்டத்துக் குழந்தைக் காப்பக ஆயாவுக்கும் சொல்ல வேண்டும்.

பெண் தொழிலாளர்கள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் உள்ள தோட்டங்களில் காப்பகம் அமைக்க வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பிரசவ காலச் சலுகைச் சட்டத்தில் 2017-ல் கொண்டுவந்த திருத்தம் முதலிரண்டு பிரசவங்களுக்கு 26 வாரச் சம்பள விடுப்பை வழங்கியது. இதில் எட்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துவிட்டாலும் 18 வாரம் மிச்சம். குழந்தைக்கு நான்கு மாதம் நிறையும் வரை, அதாவது ஆபத்தின் உச்சக் கட்டம் கழியும் வரை, தாய் அருகிலிருக்கலாம். நிரந்தரத் தொழிலாளிக்கு இது கிடைக்கிறது. ஆண்டில் 80 நாள் வேலை செய்தவருக்கு உரிமை உண்டு என்ற விதியை நாட்கூலிப் பெண்ணுக்கு எடுத்துச் சொல்வார் யார்?

அட்டவணையில் ஓர் இடைவெளி

மத்திய அரசின் திட்டப்படி, மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 'ஆஷா' பணியாளர் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டில் சென்று பார்க்க வேண்டும். இது 2011 முதல் உள்ள ஏற்பாடு. 2018-ல் வந்த மற்றொரு திட்டப்படி 3, 6, 9, 12, 15-ஆம் மாதங்களில் செல்ல வேண்டும். தாய்ப்பால், எடை, தொற்று நோய் அறிகுறிகள் ஆகியவற்றைக் கவனிக்க வகுத்த நல்ல திட்டங்கள் இவை.

ஆனால் இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் இடைவெளி தெரிகிறது. 42-ஆம் நாளுக்கும் மூன்றாம் மாதம் நிறைவதற்கும் இடையே சுமார் ஏழு வாரங்களுக்கு வீட்டு வருகை இல்லை. திடீர் சிசு மரணத்தின் அபாயம் உச்சத்துக்கு ஏறும் காலமோ இரண்டாம் மாதத்தில் தொடங்குகிறது. காவல் மிக வேண்டிய நேரத்தில் காவலர் வராத நிலை இது.

இதை அடைக்கப் புதிய துறையோ பெரும் நிதியோ தேவையில்லை. ஐந்து நோய்த் தடுப்பூசி 6, 10, 14-ஆம் வாரங்களில் போடப்படுகிறது. தாய் குழந்தையோடு தானே வந்து நிற்கிறாள். ஊசி போட்டபின் அரைமணி நேரம் காத்திருக்கிறாள். அந்த நேரத்தில் இரண்டு நிமிடம், அவளுக்குப் புரியும் மொழியில், ஒரு படத்தைக் காட்டிச் சொன்னால் போதும்.

சொல்ல வேண்டியது என்ன?

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022-ல் புதுப்பித்த யோசனைகளும், பிற நாடுகளின் அரசு வழிகாட்டுதல்களும் முக்கிய அம்சங்களில் ஒத்துப் போகின்றன. அவற்றை எல்லைப்புற வீட்டுக்குப் பொருத்தினால் இப்படிச் சொல்லலாம்:

பகலோ இரவோ, குழந்தையை மல்லாந்தே உறங்கப் போட வேண்டும். குப்புறவும் ஒருக்களித்தும் கூடாது. விழித்திருக்கும்போது பெரியவர் பார்வையில் சிறிது நேரம் குப்புறப் போடுவது கழுத்துக்கு நல்லது. படுக்கை கெட்டியாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். இதில் ஏழைக்கே வசதி அதிகம்: தரையில் விரித்த பாயும் அதன்மேல் இறுக விரித்த ஒற்றைத் துணியும் கெட்டியான படுக்கைதான். இலவம் பஞ்சுத் தலையணை, சுருட்டிய சேலை, மெத்தென்ற பொம்மை ஆகியவை பக்கத்தில் வேண்டாம். கம்பளியால் முகத்தை மூடக் கூடாது. குளிருக்கு இரண்டு சட்டை அணிவிக்கலாம்.

சேலைத் தொட்டிலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தமிழ்க் குழந்தைகள் அதில்தான் காலங்காலமாக வளர்கின்றன. ஆனால் சேலை தொய்யும்போது சிறு குழந்தையின் முகவாய் மார்பில் இறங்கி மூச்சுக் குழல் மடியலாம். துணி மடிப்பு முகத்தில் ஒட்டலாம். சரிவான குழந்தைப் படுக்கைகளை அமெரிக்கா 2022-ல் சட்டமியற்றித் தடை செய்ததும் இந்தக் காரணத்தால்தான். பெரியவர் விழித்துப் பார்த்துக் கொண்டிருக்க அழுகையை ஆற்றுவதற்குத் தொட்டில் உதவும். உறங்கியபின் பாயில் மல்லாந்து கிடத்திவிடுவதே நல்லது.

தாயும் சேயும் ஒரே அறையில் உறங்குவது பாதுகாப்பு. ஒரே படுக்கையில் உறங்குவதில் கவனம் வேண்டும். மது அருந்தியவர், பீடி சிகரெட் குடிப்பவர், தூக்க மருந்து உண்டவர் அருகே குழந்தையைப் படுக்க வைக்கவே கூடாது. குறைமாதக் குழந்தைக்கு இது இன்னும் ஆபத்து. தாய்ப்பால் கொடுப்பதே ஒரு கவசம். அடுப்புப் புகை, பீடிப் புகை, சாம்பிராணிப் புகை மூன்றையும் குழந்தை படுக்கும் இடத்திலிருந்து விலக்க வேண்டும்.

தோட்டத்துப் பெண்களிடையே வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் சாதாரணம். இது புகையல்லவே என்று எண்ணுவார்கள். மும்பையில் 1,217 கர்ப்பிணிகளை ஆராய்ந்து 2004-ல் வெளியான ஆய்வின்படி, வாய்ப் புகையிலை பயன்படுத்திய தாய்மார்களின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் குறைவான எடையில் பிறந்தன. குறைமாதப் பிரசவமும் மிகுந்தது. கருவுற்ற நாளிலேயே சொல்ல வேண்டிய எச்சரிக்கை இது.

இரண்டு அச்சங்கள்

மல்லாந்து படுத்தால் பால் புரையேறிவிடும் என்ற அச்சம் இயற்கையானதே. மேலை நாட்டு மருத்துவர்களையே தவறான வழியில் செலுத்திய அச்சம் அது. உண்மையில், குழந்தை மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக் குழல் மேலேயும் உணவுக் குழல் கீழேயும் அமைகின்றன. எதுக்களித்த பால் மேல்நோக்கி ஏறினால்தான் மூச்சுக் குழலில் புகும். குப்புறக் கிடந்தாலோ நிலைமை தலைகீழ். கோடிக்கணக்கான குழந்தைகள் மல்லாந்து உறங்கத் தொடங்கிய பிறகும் அமெரிக்காவில் புரையேறி இறப்பது அதிகரிக்கவில்லை. பால் கொடுத்ததும் தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்து, பிறகு படுக்க வைத்தால் போதும்.

மற்றோர் அச்சம் தடுப்பூசி பற்றியது. ஊசி போட்ட மறுநாள் குழந்தை இறந்தது என்ற பேச்சு ஒரு லயத்தில் கிளம்பினால் பத்து லயங்களுக்குப் பரவும். ஊசி போடும் வயதும் திடீர் மரண வயதும் ஒன்றாக அமைந்துவிட்டதால் வரும் மயக்கம் இது. பல நாட்டு ஆய்வுகளில், தடுப்பூசி போட்ட குழந்தைகளுக்கு இம்மரண அபாயம் கூடவில்லை, குறைந்தே காணப்பட்டது.

பழியும் விசாரணையும்

குழந்தையை இழந்த தாய் மீது பழி சுமத்தும் வழக்கம் ஆராய்ச்சிக்கே பகை. உண்மையைச் சொன்னால் ஏச்சு விழும், போலீஸ் வரும் என்று அஞ்சும் குடும்பம், குழந்தை எப்படிக் கிடந்தது என்று சொல்லாது. குழந்தை மரணங்களை ஆராய்வதற்கு மத்திய அரசு 2014-ல் வழிமுறைகள் வகுத்துள்ளது. வீட்டாரிடம் பரிவோடு விசாரித்துப் பதிவு செய்வது அதில் ஒரு பகுதி. இதை எல்லைப் பஞ்சாயத்துகளில் தவறாமல் நடத்தி, படுத்திருந்த நிலை, படுக்கை, பிறப்பு எடை ஆகிய மூன்று விவரங்களையாவது குறித்தால், 'பால் சிக்கியது' என்ற ஒற்றை வாசகத்துக்குப் பின்னால் உள்ளது என்ன என்று சில ஆண்டுகளில் தெரிந்துவிடும். பிரசவ மரணங்களைப் பெயர் வெளியிடாமல், பழி சுமத்தாமல் ஆராயும் ஏற்பாட்டைக் கேரளத்து மகப்பேறு மருத்துவர் சங்கம் 2004-லேயே தொடங்கி நடத்தி வருகிறது. சிசுக்களுக்கும் அதே நெறி பொருந்தும்.

மொழிப் பிரச்னை தீர்க்க முடியாததன்று. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுக்கு எழுத 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. மனு எழுத உரிமையுள்ள மொழியில் குழந்தையைக் காக்கும் யோசனை கேட்கவும் உரிமை உண்டு. சித்தூர், அட்டப்பாடி, தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலை வட்டங்களின் சுகாதார நிலையங்களில் தமிழிலும், இருளர், முதுவர் பேச்சிலும் படத்தோடு கூடிய பலகை வைப்பது பெரிய செலவல்ல. தமிழக அரசு அச்சிடுவதைக் கேரள அரசு கேட்டு வாங்கினாலே போதும். பாலக்காடும் கோவையும், இடுக்கியும் தேனியும் தாய்-சேய் பதிவு விவரங்களைப் பரிமாறிக் கொண்டால் ஜீப்பில் ஏறும் தாய் கணக்கிலிருந்து தப்ப மாட்டாள். மூங்கில் முடைவதில் தேர்ந்த மக்கள் இம்மலைகளில் இருக்கிறார்கள். மவோரிகளின் கூடையைப் போன்ற ஒன்று இங்கே பயன்படுமா என்று சோதித்துப் பார்ப்பது கேரளத்து மருத்துவக் கல்லூரிகளுக்குத் தகுந்த ஆராய்ச்சி.

சத்துணவு, நிலம், நல்ல வீடு, சம்பள விடுப்பு ஆகியவற்றை அரசும் தோட்ட நிர்வாகங்களும் தர வேண்டும்; தொழிற்சங்கங்கள் கேட்டுப் பெற வேண்டும். அவை வந்து சேரும் வரை காத்திராமல் செய்யக் கூடியது ஒன்று வீட்டிலேயே இருக்கிறது. பிறந்த வீட்டுக்குக் கடிதம் எழுதும்போதும், தொலைபேசியில் பேசும்போதும், வளைகாப்புக்கும் பெயர் சூட்டலுக்கும் போகும்போதும், "குழந்தையை மல்லாந்து போடுங்கள், முகத்தை மூடாதீர்கள்" என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்வதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.